கேம் சிறிதாக, ஸ்பிரிங் நல்லதாக: பழைய ஷெவி டிரக்குக்குக் குறைந்த செலவில் கேம் ஷாஃப்ட் தேர்வு

அமெரிக்காவில் 1999 முதல் 2007 வரை வந்த ஷெவ்ரோலே சில்வரடோ, ஜிஎம்சி சியரா, டாஹோ, சபர்பன் வண்டிகளின் பானெட்டைத் திறந்தால் பெரும்பாலும் கண்ணில் படுவது 5.3 லிட்டர் வி8 பெட்ரோல் இன்ஜின். ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கு வைத்த குறியீடு எல்எம்7. 1997 கார்வெட்டில் வந்த எல்எஸ்1 இன்ஜினும் இதுவும் ஒரே குடும்பம். கார்வெட்டுக்கு அலுமினியம் பிளாக், இதற்கு வார்ப்பிரும்பு பிளாக்; உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இதே வரிசையில் 4.8 லிட்டரும் 6.0 லிட்டரும் உண்டு. இருபது வருடம் ஓடிய பிறகும் அடிப்பாகம் கெட்டியாக நிற்கும். பழைய வண்டி யார்டுகளில் மலிவாகவும் கிடைக்கும். அதனால்தான் கொஞ்சம் பணத்தில் இன்னும் கொஞ்சம் இழுவை வேண்டும் என்பவர்கள் முதலில் இந்த இன்ஜினில் கை வைக்கிறார்கள்.

அவர்கள் முதலில் வாங்க நினைப்பது கேம் ஷாஃப்ட். நியாயமான ஆசைதான். இந்த இன்ஜினின் ஹெட், அதாவது சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக அமர்ந்து வால்வுகளைத் தாங்கும் பகுதி, நன்றாகக் காற்றை விடும். அதைப் பயன்படுத்தவிடாமல் கட்டிப்போட்டிருப்பது கம்பெனி போட்ட சிறிய கேம். ஆனால் பலர் வாங்கும் வரிசை தவறாக இருக்கிறது. பெரிய எண் போட்ட கேமுக்கு முக்கால்வாசிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்குக் கிடைக்கிற ஸ்பிரிங்கைப் போடுகிறார்கள், அல்லது பழைய ஸ்பிரிங்கையே விட்டுவிடுகிறார்கள். பணம் அளவாக இருக்கும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த ஸ்பிரிங்கை வாங்க முடியும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த ஸ்பிரிங் தாங்கும் எல்லைக்குள், வண்டி செய்யும் வேலைக்குப் பொருந்தும் கேமைப் பிறகு தேடுங்கள். ஏன் அப்படி என்பதற்கு, இரண்டும் உள்ளே என்ன செய்கின்றன என்று தெரிய வேண்டும்.

கேம் ஷாஃப்ட் என்பது முட்டை வடிவப் புடைப்புகள் கொண்ட ஒரு நீண்ட தண்டு. அந்தப் புடைப்புதான் லோப். எட்டு சிலிண்டருக்கும் இன்டேக்குக்கு ஒன்று, எக்சாஸ்டுக்கு ஒன்று என 16 லோப். இந்த இன்ஜினில் கேம் ஹெட்டுக்கு மேலே இல்லை. பிளாக்கின் நடுவில், பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டான கிராங்குக்கு மேலே படுத்திருக்கிறது. டைமிங் செயின் அதைக் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. லோப் மேலே வரும்போது உருளை வைத்த லிஃப்டரைத் தூக்கும்; லிஃப்டர் புஷ் ராடைத் தள்ளும்; புஷ் ராட் ராக்கர் ஆர்மின் ஒரு முனையை உயர்த்தும்; மறுமுனை வால்வைக் கீழே அழுத்தித் திறக்கும். ராக்கரின் விகிதம் 1.7. அதாவது லோப் 7 மில்லிமீட்டர் உயர்ந்தால் வால்வு 11.9 மில்லிமீட்டர் இறங்கும்.

திறப்பது மட்டும்தான் கேமின் வேலை. மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. லோப் கீழே இறங்கும்போது லிஃப்டர், புஷ் ராட், ராக்கர், வால்வு எல்லாவற்றையும் லோபின் முதுகை விட்டு விலகாமல் ஒட்டவைத்துக்கொண்டு வருவது அந்த ஒற்றைச் சுருள் கம்பிதான். இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது கேம் 3,000 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு ஸ்பிரிங்கும் நொடிக்கு 50 முறை அமுங்கி எழுகிறது.

கேம் கார்டில் என்ன எழுதியிருக்கிறது

கேம் வாங்கினால் கூடவே ஒரு அட்டை வரும். வாங்குவதற்கு முன்பே விற்பவரின் பக்கத்திலும் அதே எண்கள் இருக்கும். எல்எம்7இன் கம்பெனி கேமை எடுத்துக்கொள்வோம்: 190/191 டிகிரி, லிஃப்ட் 0.457/0.466 அங்குலம், எல்எஸ்ஏ 114 (எல்எஸ்ஏ என்ன என்பது கீழே வரும்).

லிஃப்ட் என்பது வால்வு எவ்வளவு தூரம் திறக்கிறது என்பது. 0.466 அங்குலம் என்றால் 11.8 மில்லிமீட்டர். இது பெரும்பாலும் ஸ்பிரிங்கைத் தீர்மானிக்கும் எண். அதைப் பிறகு பார்ப்போம்.

190/191 என்பது டியூரேஷன், அதாவது கிராங்க் எத்தனை டிகிரி சுற்றும் வரை வால்வு திறந்திருக்கிறது என்பது. முதல் எண் இன்டேக், இரண்டாவது எக்சாஸ்ட். வால்வு அசையத் தொடங்கும் இடத்தைத் துல்லியமாகப் பிடிப்பது கடினம் என்பதால், லிஃப்டர் 0.050 அங்குலம் உயர்ந்த இடத்திலிருந்து மறுபடி 0.050க்கு இறங்கும் இடம் வரை அளக்கிறார்கள். கேம்களை ஒப்பிடும்போது இந்த 0.050 எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். விளம்பர டியூரேஷன் என்று 260, 270 போடுவதை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு இடத்தில் அளக்கிறது. அவற்றை வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

இழுவையைத் தீர்மானிப்பதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரே ஒரு கணம்: இன்டேக் வால்வு எப்போது மூடுகிறது என்பது. பிஸ்டன் கீழே போய்ச் சேர்ந்த உடனே வால்வு மூடுவதில்லை. பிஸ்டன் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கிறது. கண்டக்டர் விசில் அடித்த பிறகும் பின்னால் வரும் கூட்டம் தள்ளியதில் இன்னும் நாலு பேர் படியேறிவிடுவது போல, வேகமாக ஓடும் இன்ஜினில் குழாயில் பாய்ந்து வரும் காற்று தன் வேகத்தாலேயே இன்னும் கொஞ்சம் உள்ளே திணிகிறது. 5,500 ஆர்பிஎம்மில் இது லாபம். 1,800 ஆர்பிஎம்மில் காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. அப்போது வால்வு தாமதமாக மூடினால், உள்ளே வந்த காற்றை ஏறிவரும் பிஸ்டன் திருப்பி வெளியே தள்ளிவிடும். அழுத்துவதற்குக் காற்று குறைகிறது, இழுவை குறைகிறது.

கணக்கை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். 212/218 டிகிரி, எல்எஸ்ஏ 112, 4 டிகிரி அட்வான்ஸ் என்று ஒரு கேம். எல்எஸ்ஏ என்பது ஒரே சிலிண்டரின் இன்டேக் லோப் உச்சிக்கும் எக்சாஸ்ட் லோப் உச்சிக்கும் நடுவில் உள்ள கோணம், கேம் டிகிரியில். அட்வான்ஸ் என்பது வால்வுகள் அத்தனை டிகிரி சீக்கிரம் திறந்து மூடும்படி கேமை அரைப்பது. 112இலிருந்து அட்வான்ஸ் 4ஐக் கழித்தால் 108. இன்டேக் லோபின் உச்சி அங்கே இருக்கிறது. அதோடு டியூரேஷனில் பாதி 106ஐக் கூட்டி 180ஐக் கழித்தால் 34. பிஸ்டன் அடியைத் தொட்டு 34 டிகிரி கழித்து வால்வு மூடுகிறது. அட்வான்ஸ் இல்லாமல் இதே கேம் 38இல் மூடும். டியூரேஷன் 228 ஆனால், அதே 108 உச்சியில், 42இல் மூடும். டிரக்குக்கான கேம்களைக் கம்பெனிகள் அட்வான்ஸ் வைத்து அரைப்பதன் காரணம் இதில் தெரியும்: சீக்கிரம் மூடினால் கீழ்வேகத்தில் இழுவை நிற்கும்.

அடுத்து ஓவர்லாப். எக்சாஸ்ட் மூடி முடிவதற்குள் இன்டேக் திறந்துவிட்டால், இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அது. இரண்டு டியூரேஷனையும் கூட்டி நான்கால் வகுத்து, எல்எஸ்ஏவைக் கழித்து, இரண்டால் பெருக்குங்கள். கம்பெனி கேமுக்கு கிட்டத்தட்ட மைனஸ் 37 வரும்; 0.050 அளவில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் திறப்பதே இல்லை. 212/218, 112க்கு மைனஸ் 9. 228/230, 112க்கு பிளஸ் 5. பூஜ்யத்தை நெருங்க நெருங்க, நின்ற இடத்தில் இன்ஜின் குலுங்கும். அந்தக் கடகட ஒலிக்காகவே பெரிய கேம் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஒலி கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை கீழ்வேக இழுவை, பெட்ரோல், சில வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்குப் போதுமான வேக்குவம். சூடான புகையோடு எரியாத காற்றும் வெளியே போவதால், ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் குறைவு என்று தவறாக எண்ணிக் கூடுதலாக ஊற்றச் சொல்லும். பின்னால் நின்றால் கண் எரியும்.

வண்டி எந்த வேகத்தில் வேலை செய்கிறது

கேம் தேர்வில் நேர்மையாக விடை சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். 3.73 விகிதப் பின் ஆக்சில், 4எல்60-இ கியர் பாக்ஸ், ஏறக்குறைய 30.6 அங்குல உயர டயர் உள்ள சில்வரடோ மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரில் போகும்போது இன்ஜின் சுமார் 1,850 ஆர்பிஎம்மில் இருக்கிறது. பின்னால் டிரெய்லர் மாட்டி மேடு ஏறினால் 2,500 முதல் 4,000. கம்பெனி கொடுத்த உச்சத் திறன், 2003 மாடலில் 285 குதிரைத்திறன், வருவது 5,200இல். அந்த 5,200ஐ அந்த வண்டி வாரத்தில் எத்தனை முறை பார்க்கிறது என்று யோசியுங்கள். டைனோ (இன்ஜின் திறனை அளக்கும் இயந்திரம்) தரும் அட்டையில் 6,200 ஆர்பிஎம்மில் ஏறும் எண்ணுக்காக 2,500இல் இருப்பதை விற்றுவிட்டால், தினமும் ஓட்டும்போது வண்டி முன்பை விட மந்தமாகத் தோன்றும்.

5.3க்கு நான் பிரித்துப் பார்ப்பது இப்படி. இன்டேக் டியூரேஷன் 205க்குள் இருந்தால் ஓட்டுநருக்கே வித்தியாசம் தெரியாத அளவு அமைதி, மேலே கொஞ்சம் மூச்சு. இழுவை வண்டிக்குப் பாதுகாப்பான இடம். 206 முதல் 216 வரை, எல்எஸ்ஏ 112க்குக் கிட்டத்தில், அட்வான்ஸோடு அரைத்தது என்றால் அன்றாடம் ஓட்டி, அவ்வப்போது பாரம் இழுக்கும் டிரக்குக்கு மிகப் பொருத்தம். இன்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் கம்பெனி டார்க் கன்வெர்ட்டரையே வைத்துக்கொள்ளலாம். 220ஐத் தாண்டினால் அதிக ஸ்டால் கன்வெர்ட்டர், அதாவது இன்ஜின் அதிக ஆர்பிஎம் ஏறிய பிறகே இறுகப் பிடிக்கும் கன்வெர்ட்டர், தேவைப்படத் தொடங்கும், அது இன்னொரு பெரிய செலவு. கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். 228க்கு மேல் போவது பந்தய ஓட்டத்துக்கான இலகுவான காருக்குள் இந்த இன்ஜினை வைப்பவர்களின் வேலை. 6.0 லிட்டர் இன்ஜின் ஐந்து முதல் எட்டு டிகிரி அதிகம் தாங்கும், 4.8 குறைவாகத் தாங்கும். கொள்ளளவு கூடினால் அதே கேம் சிறிதாக நடந்துகொள்ளும்.

ஸ்பிரிங்: பணத்தை இங்கே போடுங்கள்

வால்வு மூடியிருக்கும்போதும் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கித்தான் இருக்கும். அந்த நிலையில் அதன் உயரம் இன்ஸ்டால்டு ஹைட். இந்த இன்ஜினில் 1.800 அங்குலம், 45.7 மில்லிமீட்டர். அந்த உயரத்தில் அது தரும் விசை சீட் பிரஷர். வால்வு முழுதாகத் திறந்தபோது தருவது ஓபன் பிரஷர். கம்பெனி ஸ்பிரிங்கின் சீட் பிரஷர் புதிதாக இருக்கும்போது சுமார் 76 பவுண்டு, 34 கிலோ. சின்ன லோபுக்கு அது போதும்.

சீட் பிரஷர் போதாவிட்டால், மூடிய வால்வு இருக்கையில் மோதித் துள்ளும். ஓபன் பிரஷர் போதாவிட்டால், லோபின் உச்சியைக் கடக்கும்போது லிஃப்டர் லோபை விட்டுப் பறந்துவிடும். இதைத்தான் வால்வு ஃப்ளோட் என்பார்கள். 5,600இல் இன்ஜின் திடீரென்று மூச்சு முட்டி நின்றாற்போல் இருந்தால், பெரும்பாலும் பெட்ரோலோ ஸ்பார்க்கோ காரணம் இல்லை, ஸ்பிரிங்தான். சில முறை நடந்தால் லிஃப்டரின் உருளை அடி வாங்கும், வால்வின் தண்டை ஸ்பிரிங்கோடு பிடித்துவைக்கும் லாக் கழன்று வால்வு சிலிண்டருக்குள் விழலாம். விழுந்தால் பிஸ்டன், ஹெட் இரண்டும் போயின. ஸ்பிரிங்கில் மிச்சம் பிடித்த தொகை இன்ஜின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை.

பழைய ஸ்பிரிங் விஷயத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன வண்டி ஒரு மைல் போக இன்ஜின் சுமார் 1,720 சுற்று சுற்றுகிறது. கேம் அதில் பாதி, 860. வண்டி 1,50,000 மைல் ஓடியிருந்தால் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 12 கோடி முறைக்கு மேல் அமுங்கி எழுந்திருக்கிறது. அதுவும் நெடுஞ்சாலைக் கணக்கு. ஊருக்குள் இன்னும் அதிகம். எஃகு சோர்வடையும், விசை குறையும். எனவே ஸ்பிரிங் மாற்றத் தேவையில்லை என்ற பெயரில் விற்கும் சிறிய லிஃப்ட் கேம்களைப் பற்றி ஒரு வார்த்தை: லிஃப்ட் 0.500 அங்குலத்துக்குள் இருப்பதால் கம்பெனி ஸ்பிரிங்கே போதும் என்பது அவற்றின் வாதம். புதிய ஸ்பிரிங்காக இருந்தால் அது சரி. ஒன்றரை லட்சம் மைல் ஓடிய ஸ்பிரிங்கின் மேல் அந்த வாதத்தை நான் நம்பமாட்டேன். அப்படிப்பட்ட கேம் வாங்கினாலும் புதிய ஸ்பிரிங் போடுங்கள்.

புதிதாக எதைப் போடுவது? மலிவில் முதல் படி எல்எஸ்6 ஸ்பிரிங். 2002 முதல் 2004 வரை 405 குதிரைத்திறன் கார்வெட் இசட்06இல் வந்த இன்ஜினுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் செய்தது, 45.7 மில்லிமீட்டரில் சுமார் 90 பவுண்டு, 41 கிலோ. அந்த இன்ஜினின் கேம் லிஃப்ட் 0.551 அங்குலம், ஆகவே 0.550 வரை இதை நம்பலாம். அதற்கு மேல் போகாதீர்கள், போகலாம் என்று யார் சொன்னாலும். அடுத்த படி, பேக் ரேசிங் ஸ்பிரிங்ஸ் செய்யும் 1218 போன்ற தேன்கூடு வடிவ ஸ்பிரிங். மூடிய நிலையில் சுமார் 130 பவுண்டு, 0.600 லிஃப்டில் 318 பவுண்டு; பழைய ரீடெய்னரையும் (ஸ்பிரிங்கின் மேல் அமரும் தொப்பித் தகடு) லாக்கையும் வைத்தே மாட்டிவிடலாம். மேல்பக்கம் குறுகி இருப்பதால் ரீடெய்னர் சிறிதாகவும் இலகுவாகவும் இருக்கிறது. அசையும் எடை குறைந்தால் அதே விசை அதிக வேகம் வரை கட்டுப்படுத்தும். அன்றாட டிரக்குக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இந்த வகையைத்தான் சொல்வேன். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுருள் உள்ள டபுள் ஸ்பிரிங்கில் ஒன்று உடைந்தாலும் மற்றது வால்வைத் தாங்கும். நல்ல பாதுகாப்புதான்; ஆனால் அதற்கான ரீடெய்னரும் அடித்தட்டும் சேர்த்து வாங்க வேண்டும், விலை ஏறும்.

கெட்டியான ஸ்பிரிங்காகப் போட்டுவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் நினைத்துவிடக் கூடாது. தேவைக்கு மேலான விசை லோபையும் லிஃப்டரையும் தேய்க்கும், புஷ் ராடை வளைக்கும், ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் இருக்கும் எண்ணெயை நசுக்கி வெளியேற்றும்.

காயில் பைண்ட் என்ற இன்னொரு எல்லை இருக்கிறது. ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சுருள்கள் ஒன்றையொன்று தொட்டு முழு இரும்புத்துண்டு ஆகிவிடும். அதற்கு மேல் கேம் தள்ளினால் ஏதாவது ஒன்று முறிய வேண்டியதுதான். ஒரு ஸ்பிரிங் 29.0 மில்லிமீட்டரில் பைண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 45.7இலிருந்து 29.0ஐக் கழித்தால் 16.7. பாதுகாப்புக்கு 1.5 மில்லிமீட்டர் விட்டால், 15.2 மில்லிமீட்டர் லிஃப்ட் வரை போகலாம், அதாவது 0.600 அங்குலம். எந்த ஸ்பிரிங் வாங்கினாலும் சீட் பிரஷர், ஓபன் பிரஷர், பைண்ட் உயரம் மூன்றையும் எழுதித் தரும் விற்பனையாளரிடம் வாங்குங்கள். "ரேஸ் குவாலிட்டி" என்று மட்டும் எழுதி எண்ணே போடாத ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள்.

லிஃப்ட் ஒன்றாக இருந்தாலும் எல்லாக் கேமும் ஸ்பிரிங்கிடம் ஒரே வேலையைக் கேட்பதில்லை. சில லோப்களின் சரிவு செங்குத்து. வால்வைச் சட்டென்று திறந்து சட்டென்று போட்டுவிடும். அந்த வகையில் திறன் சற்று கூடும், ஆனால் ஸ்பிரிங்குக்குச் சோதனை அதிகம், சத்தமும் வரும். ஒரே கம்பெனியின் இரண்டு கேம்களில் விளம்பர டியூரேஷனுக்கும் 0.050 டியூரேஷனுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். எதில் இடைவெளி குறைவோ அதில் சரிவு செங்குத்து. நீண்ட காலம் ஓட வேண்டிய டிரக்குக்குச் சாந்தமான லோப் போதும்.

பழைய கேம் வாங்கலாமா

வாங்கலாம். பழைய காலத்துத் தட்டை லிஃப்டர் இன்ஜின்களில் ஒரு லோபும் ஒரு லிஃப்டரும் சேர்ந்து தேய்ந்து பழகும். கலைத்து மாட்டினால் கெட்டுவிடும். இங்கே உருளை லிஃப்டர் என்பதால் அந்தப் பிரச்சினை இல்லை. லோபின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். குழி, செதில், கோடு எதுவும் தட்டுப்படக் கூடாது. இப்படி வாங்கத் தகுந்தது 2002–2004 எல்எஸ்6 கேம்: 204/218, எல்எஸ்ஏ 117.5. மேலே சொன்ன கணக்கில் ஓவர்லாப் மைனஸ் 24, நின்ற இடத்தில் அலுங்காது. எல்எஸ்6 ஸ்பிரிங்கோடு சேர்த்தால் கம்பெனியே பொருத்திச் சோதித்த ஜோடி. மேல்வேகத்தில்தான் அதன் பலன் அதிகம், அதனால் கனமான டிரெய்லர் இழுப்பவருக்கு இதை நான் சொல்லமாட்டேன். வெறும் வண்டியாக ஓட்டுபவருக்குத் தாராளமாகச் சொல்வேன்.

எந்தக் கேமாக இருந்தாலும் உங்கள் பிளாக்குக்குப் பொருந்துமா என்று பாருங்கள். முதல் தலைமுறை டிரக் இன்ஜின்களில் டைமிங் கியரை மூன்று போல்ட் பிடிக்கிறது, கேம் சென்சார் பிளாக்கின் பின்பக்கம் இருக்கிறது. பிறகு வந்தவற்றில் சென்சார் முன்பக்கம் போனது. சிலவற்றில் ஒற்றை போல்ட். 2007 முதல் வந்த பல 5.3களில் ஓடும்போதே நான்கு சிலிண்டர்களை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. அவற்றில் அந்தச் சிலிண்டர்களின் லிஃப்டர்களே வேறு; சாதாரணக் கேமை அப்படியே போட முடியாது. அந்த அமைப்பை முழுவதுமாக எடுத்து லிஃப்டர்களை மாற்ற ஹெட்டைக் கழற்றியாக வேண்டும். பட்ஜெட் அங்கே இரட்டிப்பாகும். குறைந்த செலவே குறிக்கோள் என்றால் 2006 வரையிலான சாதாரண எல்எம்7தான் நல்ல இடம்.

இதில் மூன்று போல்ட் எல்எம்7க்கு ஒரு பெரிய வசதி உண்டு: ஹெட்டைக் கழற்றாமலே கேமை மாற்றலாம். ராக்கரையும் புஷ் ராடையும் எடுத்துவிட்டு, கேமைக் கையால் சில சுற்று சுற்றினால் லிஃப்டர்கள் மேலேறித் தங்கள் பிளாஸ்டிக் தட்டில் நின்றுகொள்ளும். பழைய தட்டுகள் சில நேரம் பிடி தளர்ந்திருக்கும். அதனால் பிளாக்கின் முன்பக்கம் இருக்கும் இரு துளைகளில் நீண்ட மெல்லிய கம்பிகளைச் செருகி லிஃப்டர்களைத் தாங்கவைத்துவிட்டு, பிறகு கேமை உருவுங்கள். ஒரு லிஃப்டர் கீழே விழுந்தால் ஆயில் பானை இறக்க வேண்டும்.

சேர்ந்து வரும் செலவுகள்

விசை கூடிய ஸ்பிரிங்குக்குக் கம்பெனி புஷ் ராட் மெலிது. கெட்டியாக்கிய புஷ் ராட் செட் வாங்கிவிடுங்கள். கேமின் அடிவட்டம் (லோபில் புடைப்பில்லாத வட்டப் பகுதி) கம்பெனி அளவிலிருந்து மாறியிருந்தால் நீளத்தை அளந்து வாங்க வேண்டும், ஊகித்து அல்ல. கிராங்க் புல்லி போல்ட் ஒருமுறைதான் பயன்படும், புதியது அவசியம். பழைய போல்ட்டை வைத்துப் புல்லியை உள்ளே அமர்த்தி, அதை எடுத்துவிட்டுப் புதியதை 37 பவுண்டு-அடிக்கு இறுக்கி, அதன் மேல் 140 டிகிரி திருப்ப வேண்டும். முன் கவர் கேஸ்கெட், சீல், கூலன்ட், ஆயில். ஆயில் பம்பைத் தளர்த்தினால் அதன் உறிஞ்சு குழாயில் இருக்கும் ரப்பர் வளையத்தையும் மாற்றுங்கள். அது காய்ந்திருந்தால் ஆயில் பிரஷர் விழும்.

ஸ்பிரிங்கைக் கழற்றும் அன்றே வால்வு சீலையும் மாற்றிவிடுவது நல்லது. பல ஹெட்களில் சீலும் ஸ்பிரிங் அமரும் தகடும் ஒரே துண்டு. வேறு தடிமன் வந்தால் அந்த 45.7 மில்லிமீட்டர் மாறிவிடும், ஆகவே மாட்டிய பிறகு உயரத்தை அளந்து பாருங்கள். ஸ்பிரிங் எடுக்கும்போது வால்வு உள்ளே விழாமலிருக்க ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுக்க வேண்டும். லிஃப்ட் 0.550ஐத் தாண்டினாலோ டியூரேஷன் பெரிதாக இருந்தாலோ வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியை அளக்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்: இன்டேக்கில் 2.0 மில்லிமீட்டர், எக்சாஸ்டில் 2.5 மில்லிமீட்டராவது வேண்டும்.

சட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் சாலையில் ஓடும் வண்டியின் மாசுக் கட்டுப்பாட்டைக் குலைப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. கலிஃபோர்னியாவில் அந்த மாநிலக் காற்று வள வாரியத்தின் ஆணை எண் பெற்ற கேம் மட்டுமே செல்லும். விற்பவரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள்.

கடைசியாக, கம்ப்யூட்டர் டியூனிங். பட்ஜெட்டில் பலர் விட்டுவிடுவது இதைத்தான், விடவே கூடாததும் இதுதான். எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு காற்று வரும் என்ற அட்டவணை பழைய கேமுக்காக எழுதப்பட்டது; புதிய கேமோடு அது பொய்யாகிவிடும். எச்பி டியூனர்ஸ் அல்லது இஎஃப்ஐலைவ் கொண்டு அந்த அட்டவணையைத் திருத்துவார்கள், ஐடில் வேகத்தைச் சற்று உயர்த்துவார்கள், சிக்னலில் நிற்கும்போது அணையாமலிருக்க ஐடில் காற்றளவைச் சரிசெய்வார்கள். கேம் வாங்கும் முன்பே டியூன் செய்பவரிடம் பேசி, கேமின் எண்களைக் காட்டி, கட்டணத்தைப் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இன்ஜினைப் பூட்டிய பிறகு டியூன் செய்யும் இடம் வரை மெதுவாக ஓட்டிப் போகலாம், அதற்குரிய தற்காலிக டியூனை அவரே முன்கூட்டி ஏற்றித் தந்தால் இன்னும் நல்லது. அது முடியும் வரை டிரெய்லரை மாட்டாதீர்கள்.